ஓய்வுக்காலக் கணக்கை யாருடைய வயதுக்குப் போடுவது?

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் வசிக்கும் ஓர் அன்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருக்கு வயது 58, துணைவியாருக்கு 53. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1992-ல் பம்பாய்க்கு வந்து, தனியார் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே 60 வயதில் ஓய்வு பெறப் போகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி, வங்கி வைப்புகள், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்ந்து அப்போது ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ரூபாய் கையில் இருக்கும். டோம்பிவிலி கிழக்கில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சொந்த ஃபிளாட் இருக்கிறது. மகன் கனடாவில், மகள் புனேயில். மாதச் செலவு 60,000 ரூபாய். இந்தப் பணம் போதுமா, ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புக்குப் போய்விடலாமா, வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிடலாமா, வேலை இல்லாத பகற்பொழுதை என்ன செய்வது என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

நான் மாதுங்காவில் இருப்பவன். மும்பையின் பல கிளைகளில் 34 ஆண்டுகள் வங்கிப் பணி செய்து ஓய்வு பெற்று 11 ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "80 வயது வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சமாளித்துவிடலாம் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 80 ஆகும்போது உங்கள் துணைவியாருக்கு 75. அவருக்கு அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் இருக்கலாம். அந்த 15 ஆண்டுகளையும் அவர் தனியாகக் கழிக்க நேரலாம். நம் வீடுகளில் கணவனைவிட மனைவி நான்கைந்து வயது இளையவர். பெண்கள் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதலாக வாழ்கிறார்கள். ஆகவே ஓய்வுக்காலத் திட்டம் என்பது பெரும்பாலும் ஒரு விதவையின் கடைசி இருபது ஆண்டுகளுக்கான திட்டம். சொல்லக் கடினமாக இருந்தாலும், உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் பணம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 60,000 ரூபாயில் நடக்கும் குடும்பம் 12 ஆண்டுகளில் 1,20,000 கேட்கும், 24 ஆண்டுகளில் 2,40,000 கேட்கும். உங்களுடைய 1 கோடியே 20 லட்சத்தையும் வைப்புகளிலேயே போட்டு, சராசரியாக 7.5 சதவீதம் கிடைத்து, ஓய்வின் தொடக்கத்தில் 60,000 ஆக இருக்கும் மாதச் செலவு 6 சதவீதம் கூடிக்கொண்டே போனால், முழுப் பணமும் ஏறத்தாழ 20 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்போது உங்களுக்கு 80. நீங்கள் போட்ட கணக்கு சரிதான். ஆனால் அவருக்கு 75. அடுத்த மாதப் பாலுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளைக் கேட்க வேண்டிய நிலையில் அவர் நிற்பார். போதுமா என்ற கேள்விக்கு என் நேரான பதில் இதுதான்: உங்களுக்குப் போதும், அவருக்குப் போதாது.

இதைச் சரி செய்ய வழி இருக்கிறது. இப்போதே தொடங்குவதால் எளிதாகவும் இருக்கிறது. அடித்தளமாக, ஓய்வு பெற்றதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடுங்கள். ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு அதுதான். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதமாக இருந்து வருகிறது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றி அறிவிக்கலாம் என்றாலும், நீங்கள் போட்ட நாளில் இருந்த வட்டி ஐந்து ஆண்டுகளுக்கும் மாறாது. இந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டாக 15 லட்சம் வரை போடலாம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 ரூபாய் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல பொருத்தம் அமைந்திருக்கிறது. உங்களுடைய மூத்த குடிமக்கள் கணக்கு ஐந்து ஆண்டுகள் முடிந்து முதிரும் ஆண்டில்தான் துணைவியாருக்கு 60 நிறைகிறது. அந்தப் பணத்தை அப்போது அவர் பெயரில் புதிய கணக்காகத் தொடங்கிவிடலாம். வரிக் கணக்கில் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும், ஆனால் கணக்கும் கையெழுத்தும் அவருடையவை. வரியைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டாம். வட்டியிலிருந்து வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான படிவத்தை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்திலேயே வங்கியிலும் அஞ்சலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.

பி.எஃப். அலுவலகத்து மாத ஓய்வூதியத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 1995-ஆம் ஆண்டுத் திட்டப்படி அது 58 வயதிலேயே தொடங்குகிறது. நீங்கள் வேலையில் நீடித்தாலும் அதைப் பெறலாம். ஓய்வு பெறும் நாள்வரை காத்திருக்க வேண்டும் என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களாகவே விரும்பி 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் வரம்பு 15,000 ரூபாய் என்பதால் தொகை பெரிதாக இராது. 1992-ல் சேர்ந்தவருக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் வரும். உங்களுக்குப் பின் அதில் பாதி துணைவியாருக்குத் தொடரும். சிறிய தொகைதான், ஆனாலும் அவர் ஆயுள் உள்ளவரை வரும் தொகை.

ஆக மாதம் 34,000 ரூபாய்க்குச் சற்று மேல் உறுதியாக வந்துவிடும். மீதி 75 லட்சத்தில் 10 லட்சத்தை மருத்துவத்துக்கென்று தனி வைப்பாக ஒதுக்கிவிடுங்கள். 25 லட்சத்தை வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும் வைப்புகளாகப் பிரித்துப் போட்டால், முதல் ஆறு ஆண்டுகளுக்கான மாதப் பற்றாக்குறையை அது தாங்கும். எஞ்சிய 40 லட்சத்தைப் பங்குச் சந்தை சார்ந்த, பரவலான பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் வைத்துவிட்டு, அந்த ஆறு ஆண்டுகளும் அதைத் தொடாதீர்கள். ஓய்வு பெறும் வயதில் பங்குச் சந்தையா என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். உங்கள் வயதைப் பார்த்தால் அந்தத் தயக்கம் நியாயம். 53 வயதான துணைவியாருக்கு 90 வரை இன்னும் 37 ஆண்டுகள் இருப்பதைப் பார்த்தால், முழுவதையும் வைப்பில் போடுவதுதான் பெரிய ஆபத்தாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு இப்படி வளர்ந்து, மொத்தத்தில் சராசரி 9 சதவீதம் கிடைத்தால் பணம் அவருடைய 80 வயது வரை வரும். உங்கள் நிறுவனம் ஆலோசகராக இரண்டு ஆண்டு நீடிக்கச் சொல்லும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உடம்பு ஒத்துழைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஆண்டும் சேமிப்பில் கை வைக்காமல் இருந்தால் அவருடைய முதுமையில் மேலும் சில ஆண்டுச் செலவு கூடுதலாகச் சேர்கிறது. அதற்கும் அப்பால் உள்ள ஆண்டுகளுக்கு ஆதாரம் அந்த ஃபிளாட்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வைப்புகளை எங்கே போடுவது என்பதில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாணே, டோம்பிவிலி வட்டாரத்தில் கூட்டுறவு வங்கிகள் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடத் தருவதால், ஓய்வு பெற்றவர்கள் மொத்தப் பணத்தையும் அங்கேயே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். எந்த வங்கியானாலும் ஒருவருக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. வரம்பு பிறகு தளர்த்தப்பட்டது என்றாலும், முழு ஆயுட்கால சேமிப்பையும் அதில் வைத்திருந்த முதியவர்கள் பட்ட பாட்டை இந்த நகரம் பார்த்தது. கூட்டுறவு வங்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே 5 லட்சத்தைத் தாண்டாதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டை இன்றைக்கே செய்ய வேண்டிய வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு ஓய்வு பெறும் நாளோடு நின்றுவிடும். சொந்தமாக ஒரு பாலிசியை இப்போதே எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் நீங்கள் வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அந்தக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதில் இரண்டு ஆண்டு குழுக் காப்பீட்டின் நிழலிலேயே கழிந்துவிடும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாகவும் துணைவியாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். முகவர் "அதெல்லாம் எழுதினால் பிரீமியம் ஏறும்" என்று சொல்வார். எழுதாவிட்டால், மருத்துவமனையில் படுத்திருக்கும்போது பணம் மறுக்கப்படும், அப்போது முகவர் பக்கத்தில் இருக்க மாட்டார். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது சற்று ஆறுதல். 70 வயது நிறைந்ததும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். எல்லா மருத்துவமனைகளும் அதில் சேர்ந்திருக்கவில்லை என்பதால் சொந்தப் பாலிசியை அதற்காகக் கைவிடக் கூடாது.

இனி வீடு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது மூன்றாவது கேள்விதான். பெற்றோர் தம் பிள்ளைக்கு வீட்டைத் தானமாக எழுதிக் கொடுத்தால், மகாராஷ்டிராவில் முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான். மேலே வேறு சில கட்டணங்கள் வரும். இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே பலர் யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் மகன் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு அந்த வீடு அவருடைய கடன், அவருடைய திருமணம், அவருடைய ஆயுள் ஆகிய மூன்றோடும் கட்டுண்டுவிடுகிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், 75 வயதில் பணம் தீர்ந்த நிலையில் உங்கள் துணைவியாருக்கு அந்த வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பூட்டிவிட்டு மகளிடம் போகவோ தன் விருப்பப்படி முடியாது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காதபோது திரும்பப் பெற வழி செய்கிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட முடியாமல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்ற வழக்கு உண்டு. 80 வயதில் தீர்ப்பாயத்தின் படியேறி வழக்காடுவதை நினைத்துப் பாருங்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்குத்தான். எழுதிக் கொடுக்காதீர்கள், உயில் எழுதுங்கள்.

உயில் இல்லாமல் நீங்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் பெயரில் உள்ள ஃபிளாட் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்காகப் போகும். உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அதாவது, முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்திய வீட்டில் துணைவியாருக்கு மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான். கட்டடத்தின் குடியிருப்புச் சங்கமான சொசைட்டியில் அவரை நாமினியாகப் போட்டிருக்கிறேனே என்பீர்கள். நாமினி என்பவர் பொருளைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளர். அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வங்கி வைப்புக்கும் இதுவே விதி. ஆகவே வீடு முழுவதும் முதலில் துணைவியாருக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று தெளிவாக எழுதி, பயனடையாத இருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்திடுங்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. துணைவியாரும் தனக்கொரு உயில் எழுத வேண்டும்; அவருடைய நகைகளைப் பற்றி அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போவதைப் பற்றி. தொண்டாமுத்தூர், வடவள்ளிப் பக்கம் உள்ள முதியோர் குடியிருப்புகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். சில உண்மையிலேயே நன்றாக நடக்கின்றன. காற்று நன்றாக இருக்கிறது, சமைத்த சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, செவிலியர் இருக்கிறார். ஆனால் சிலவற்றில் நீங்கள் வாங்குவது வீடு; சிலவற்றில் ஒரு தொகையை வைப்பாகக் கட்டிக் குடியிருக்கும் உரிமையை மட்டும் பெறுகிறீர்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் எந்த விகிதத்தில் ஏறும், இருவரில் ஒருவர் போனபின் மற்றவர் அதே வீட்டில் இருக்கலாமா, படுத்த படுக்கையானால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, கட்டிய வைப்பு எப்போது யாரிடம் திரும்பும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. துணைவியார் இதற்கு என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முப்பது ஆண்டுகளாக அவர் டோம்பிவிலிக்காரர். காய்கறிக்காரியோடு மராத்தியில் பேரம் பேசுகிறார், செவ்வாய்க்கிழமை லலிதா சகஸ்ரநாமத்துக்குப் போகிறார், எந்த மருந்துக் கடை இரவில் திறந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், கீழ்வீட்டு மராத்திப் பெண்மணி அவருக்குச் சொந்தத் தங்கை மாதிரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நமக்கு ஊர் என்பது 1992-ல் விட்டுவந்த இடம். அவருக்கு ஊர் இப்போது இருக்கும் இடமாக இருக்கலாம். கோயம்புத்தூரில் நீங்கள் இருவரும் இருக்கும்வரை எல்லாம் இனிமையாகத்தான் இருக்கும். நீங்கள் இல்லாதபோது, 70 வயதுக்கு மேல், அறிமுகமில்லாத ஓர் இடத்தில் அவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? மகள் புனேயில் இருக்கிறார். டோம்பிவிலியிலிருந்து ரயிலில் சில மணி நேரம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் இரவுக்கு மேல்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. விற்காமல் போய்ப் பாருங்கள். அங்கே ஓராண்டு வாடகைக்கு இருங்கள். இங்குள்ள ஃபிளாட்டை 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் முறையாகப் பதிவு செய்து வாடகைக்கு விடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஒரு காய்ச்சலும் அங்கே கழிந்தபின் இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். விற்பதென்றே முடிவானால், 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் அந்த நாளைய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். விற்று இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாயத்துக்கு விலக்கும் உண்டு. அதற்கு ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை. முழங்கால் கெட்டபின் மேல்மாடி என்பது சிறை. உங்கள் சொசைட்டியில் மறுகட்டுமானப் பேச்சு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதற்குக் காத்திருப்பேன். லிஃப்ட் வரும், கட்டடத்தின் ஆயுள் புதுப்பிக்கப்படும், கட்டும்வரை வாடகையும் கிடைக்கும். கட்டுநருடன் போடும் நிரந்தர மாற்றுக் குடியிருப்பு ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாகவும், அதில் துணைவியார் பெயரும் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுநரின் பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்களிடம் நேரில் போய்ப் பேசாமல் ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டடம் புதிதாவதில் இன்னொரு நன்மை, தலைகீழ் அடமானக் கடன். 60 வயது கடந்தவர், 55 கடந்த துணையோடு கூட்டாக, தாம் குடியிருக்கும் வீட்டின்பேரில் வங்கியிடமிருந்து 20 ஆண்டுவரை மாதந்தோறும் தொகை பெறலாம். அது கடன் என்பதால் வருமான வரி இல்லை. இருவரில் ஒருவர் இருக்கும்வரை வீட்டைவிட்டு எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். பழைய கட்டடத்துக்கு இந்தக் கடன் கிடைப்பது கடினம். துணைவியாரின் 80 வயதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஃபிளாட்தான் ஆதாரம் என்று நான் சொன்னது இதை வைத்துத்தான்.

என் வங்கிப் பணியில் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. மஞ்சள் பை ஒன்றில் பதினோரு வைப்பு ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஓர் அம்மாள் என் மேசைக்கு வந்தார். கணவர் போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து வங்கிகளின் ரசீதுகள். நான்கில் அவர் பெயர் இல்லை, நாமினியும் இல்லை. "எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க சார், போடறேன்" என்றார். கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே நாற்பது ஆண்டு பழகியவர். அந்தப் பணம் அவர் கைக்கு வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பணம் நிறையவே இருந்தது. அந்த ஓராண்டும் அவர் தம்பி வீட்டில் இருந்தார்.

ஆகவே எல்லா வைப்பையும் "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினியும் போடுங்கள். வங்கிகளை இரண்டு அல்லது மூன்றாகக் குறையுங்கள். கணக்குகள், பாலிசிகள், பி.எஃப். ஓய்வூதிய எண், வீட்டுப் பத்திரம் இருக்கும் இடம், உயில் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில், தமிழில், உங்கள் கையால் எழுதி வையுங்கள். ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய உயிர்வாழ் சான்றை இப்போது கைபேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம். அதைத் துணைவியாரும் செய்து பழகட்டும். காவல்துறை, சி.பி.ஐ. என்று சொல்லிக் காணொளி அழைப்பில் "கைது" செய்வதாக மிரட்டினால் உடனே துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது.

பொழுதைப் பற்றிக் கேட்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் காலையில் ஃபாஸ்ட் லோக்கலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவருக்கு அந்த ஓட்டம் நின்ற முதல் மாதம் விடுமுறை போலிருக்கும். மூன்றாம் மாதம் கைகால் ஓடாது. நான் அந்த மாதங்களில் செய்த தவறு, பகல் முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்து என் மனைவியின் சமையலறையை மேற்பார்வை செய்யத் தொடங்கியது. "உங்களுக்கு ரிடையர்மென்ட், எனக்கு எப்ப?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து காலைக் காப்பியும் இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நான் வீட்டில் இருப்பதில்லை. அந்த மூன்று மணி நேரம் அவளுடையது. எங்கள் ஓய்வுக்காலம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்த நேரத்தில் நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களுக்கு வேறொன்று பொருந்தலாம். சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கிங்ஸ் சர்க்கிளில் சண்முகானந்தா சபா இருக்கிறது. ஆனால் டோம்பிவிலியிலிருந்து தினமும் வர முடியாது. நடந்துபோகும் தூரத்தில் ஒன்று வேண்டும். மகாராஷ்டிராவில் ஏறத்தாழ எல்லாப் பேட்டைகளிலும் ஜேஷ்ட நாகரிக் சங்கம் என்று மூத்த குடிமக்கள் கூட்டம் உண்டு. மாலையில் கூடிப் பேசுகிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். நம்மவர்கள் மராத்தி சரியாக வராது என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறோம். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். துணைவியாருக்கு மராத்தி நன்றாக வருகிறது; அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். பிற்காலத்தில் கதவைத் தட்டப் போகிறவர்கள் இவர்கள்தான். கனடாவிலிருந்து மகன் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

கடைசியாக, ஓய்வு பெறுவதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டிய ஒத்திகை ஒன்று. ஒரு முழு மாதம் பணம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் துணைவியாரே செய்யட்டும்: மின்கட்டணம், சொசைட்டி மெயின்டனன்ஸ், காஸ் பதிவு, வைப்பைப் புதுப்பிப்பது, பாலிசிக்குப் பணம் கட்டுவது. அவர் கேட்டாலொழிய நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அதே மாதம் சமையல், மருந்து வாங்குவது, வேலைக்காரம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது, சொந்தக்காரர்கள் வீட்டு நல்லது கெட்டதுகளை நினைவில் வைத்து ஃபோன் செய்வது ஆகியவற்றை நீங்கள் செய்யுங்கள். எஞ்சுபவர் நீங்களாகவும் இருக்கலாம். எங்கெல்லாம் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்ததோ, அதையெல்லாம் அன்றன்றைக்கே அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.